அடுப்படியில் பாதரசம்

திண்டுக்கல்லில் நான் ரசாயன வாத்தியாராக இருந்தபோது பக்கத்து வீட்டில் ஒருவர் இருந்தார். நகைப் பட்டறைகளில் கூட்டித் தள்ளும் மண்ணை வாங்கித் தங்கம் எடுப்பார். ஈறுகள் கறுத்திருந்தன. டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்துத்தான் குடிப்பார், அப்படியும் சிந்தும்.

அலசிய மண்ணில் பாதரசத்தை விட்டுப் பிசைவார். தங்கம் அதில் ஒட்டிக்கொள்ளும். அந்த உருண்டையை அடுப்படியில் சுடுவார். பாதரசம் புகையாகப் போய்விடும், தங்கம் நிற்கும்.

"சுரங்கத்துல சயனைடு போட்டுல்ல எடுக்கிறாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது விசம்ல சார்! பொம்பள பொழங்குற வீட்டுக்குள்ள விசத்தக் கொண்டாருவேனா?"

ரசப்புகையும் விஷம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் மனைவி அதே அடுப்படியிலிருந்து எனக்குக் காப்பி கொண்டுவந்தார். டம்ளரை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தார். அப்படியும் சிந்தியது.