சனிக்கிழமைப் பாடு

ஈர டிஷ்யூ என்ற சனியனை நான் இன்றைக்கும் கையால் தொடுவதில்லை. யாராவது பையிலிருந்து அந்தப் பாக்கெட்டைப் பிரித்தால் போதும், அந்த எலுமிச்சை வாசனை மூக்கில் ஏறியதும் குமட்டிக்கொண்டு வரும். எங்கள் ஆற்றில் எண்ணெய் மிதந்த நாட்களில்கூட எனக்கு இப்படிக் குமட்டியதில்லை.

நான் எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவள். நுழைவுத் தேர்வு எழுதி, மலைமேல் இருக்கும் ஒரு உறைவிடப் பள்ளியில் இலவச இடம் கிடைத்து, ஆறாம் வகுப்பிலிருந்து ஹாஸ்டலில் வளர்ந்தேன். அந்தப் பள்ளியில் பருவத்துக்கு ஒரு முறை மலையேற்றம் உண்டு. முதுகுப் பையோடு காட்டுக்குள் போவோம், கூடாரம் அடிப்போம், குழி தோண்டி வெளிக்குப் போவோம். கிளம்புவதற்கு முன் எல்லாரும் வரிசையில் நின்று, போகும் இடத்தில் எங்கள் தடமே இல்லாமல் திரும்புவோம் என்று உறுதிமொழி எடுக்க வேண்டும். காலில் அட்டை கடித்தால் அது பெருமை. ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரி தன் காலில் ஏழு அட்டை ஒட்டிக்கொண்டதை ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். ரத்தம் வழிகிற காலைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினாள். யாரும் அதைக் கண்றாவி என்று சொல்லவில்லை.

நான் பதினோராம் வகுப்பில் இருந்தபோது, இந்த மலையேற்றங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர், நாங்கள் அவரை அவுட்டோர் சார் என்போம், இந்த முறை மலை வேண்டாம், கடற்கரை நடை என்று அறிவித்தார். எண்ணூரில் தொடங்கி, படகில் ஆற்றைக் கடந்து, காட்டுப்பள்ளிப் பக்கம் சவுக்குத் தோப்பில் இரண்டு நாள் முகாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐந்து வருடமாக அந்தப் பிள்ளைகள் பேசும் ஊர்களையும் விமானங்களையும் வாயைப் பிளந்து கேட்டவள் நான். முதல் தடவையாக என் ஊரைப் பற்றி ஒருவர் பேசுகிறார். கையைத் தூக்கி, "சார், அது எங்க ஊரு. எங்கப்பா வலை கட்டிக் காட்டுவார்" என்றேன். சார் உடனே சனிக்கிழமை காலை என்று பலகையில் எழுதிவிட்டார்.

சனிக்கிழமை யார் முறை என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. குப்பத்தில் பிறந்த எந்தப் பிள்ளையும் இந்தத் தப்பைச் செய்யாது. எங்கள் ஆற்றில் பாடு என்று ஒன்று உண்டு. சுற்றியுள்ள குப்பங்கள் ஊருக்கொரு நாளாக முறை வைத்துக்கொண்டு, தண்ணீரில் கம்பு ஊன்றி வலை கட்டும். ஒரு ஊரின் பாடு நாளில் இன்னொரு ஊர்க்காரன் கம்பு ஊன்றினால், அடுத்த வீட்டு அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டு போன மாதிரி. எழுதி வைத்துக்கொள்வதெல்லாம் கிடையாது, எல்லாம் நினைவுதான். திருவிழா, புயல், சாவு என்று நடுவில் நாள் விட்டுப்போனால் கணக்கு குழம்பும். குழம்பினால் எங்கள் ஊர்க்காரர் மட்டுமல்ல, அக்கரை ஊர்க்காரர்களும் வந்து கேட்கும் ஆள் என் நைனா. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். "இன்னிக்கு யார் பாடு மாமு?" என்று கேட்டால், வாயில் இருக்கும் வெற்றிலையைக்கூடத் துப்பாமல் சொல்லிவிடுவார்.

போனில் விஷயத்தைச் சொன்னதும், "சனிக்கெயம அக்கர ஊரு பாடாச்சேம்மா. வெள்ளிக்கெயம இட்டுகினு வா, ஜோரா காட்றேன்" என்றார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் நைனா பஸ்ஸே வரும். சும்மா பத்து நிமிஷம். மீனை ஆத்துலயே வுட்டுடலாம்."

"மீன் இல்லம்மா விஷயம். கம்ப ஊனக் கூடாது."

"எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன் நைனா. முடியாதுன்னு சொன்னா என் மானமே பூடும்" என்று அழ ஆரம்பித்தேன். அழுதால் நைனா தாங்கமாட்டார் என்று தெரிந்தே அழுதேன். "சரி, அயாத. பாத்துக்கலாம்" என்றார். அக்கரை ஊரில் அவர் கேட்கவே இல்லை என்று பின்னால்தான் தெரிந்தது. கேட்டால் முடியாது என்பார்கள், பிறகு எனக்கு என்ன பதில் சொல்வது என்று விட்டுவிட்டார்.

சனிக்கிழமை காலை, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி வரிசையை ஒட்டி முதுகுப் பையோடு நடந்தோம். பத்து நிமிடத்தில் டிஷ்யூ பாக்கெட்டுகள் வெளியே வந்துவிட்டன. ஆற்றங்கரைக்கு வந்ததும் ஆளுக்கு ஒன்றை மூக்கில் வைத்து அழுத்திக்கொண்டார்கள். அனல்மின் நிலையச் சாம்பல் படிந்த சேறு, கரையில் கறுப்பாக ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கு, வெதுவெதுப்பான தண்ணீர். நாற்றம் அடித்தது உண்மைதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை நாங்களா கொண்டுவந்து கொட்டினோம்? ஏழு அட்டைக்குக் காலைக் கொடுத்தவள், "ஐயே, இது ஆறா, சாக்கடையா? எப்படிடீ இங்க இருக்கீங்க?" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதனாலதான் நான் ஹாஸ்டல்ல இருக்கேன்" என்று சொல்லிச் சிரித்தேன். தூ.

நைனா தண்ணீரில் கம்புகளோடு தயாராக நின்றார். கல்யாணத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டிருந்தார். என் பள்ளிக்கூடத்து ஆட்கள் வருகிறார்கள் என்று அந்தச் சட்டையோடு சாம்பல் தண்ணீரில் இடுப்பளவுக்கு இறங்கியிருந்தார். என்னைப் பார்த்ததும் கரையேறி வந்து, கையைச் சட்டையில் துடைத்துவிட்டு சாருக்கு வணக்கம் வைத்தார். சார் பெரிய மனது பண்ணிக் கையை நீட்டிக் குலுக்கினார். குலுக்கி முடித்து, ஒரு ஈர டிஷ்யூவை உருவி, விரல் விரலாகத் துடைத்தார். நைனா அதைப் பார்த்தார். சார் டிஷ்யூவைச் சுருட்டிக் கீழே போட்டார். நைனா அதையும் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி ஆற்றில் இறங்கிக் கம்பை ஊன்றத் தொடங்கினார்.

அவர் பத்து நிமிடத்தில் வலையைக் கட்டிவிட்டார். சிக்கியது நாலு மடவை மீனும் ஒரு பிளாஸ்டிக் செருப்பும். பிள்ளைகள் செருப்பைப் படம் எடுத்தார்கள். நைனா அக்கரையையே பார்த்துக்கொண்டு, "சார், கம்ப உருவிடட்டா?" என்றார். "இருங்க, இன்னும் ஒரே ஒரு ஷாட்" என்றார் சார். வலையைத் தூக்கச் சொன்னார், இறக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார், வெயில் படும்படி திரும்பி நிற்கச் சொன்னார். என் நைனா அவர் சொன்னபடியெல்லாம் ஆடினார். நானும் மற்றவர்களோடு நின்று வேடிக்கை பார்த்தேன்.

அதற்குள் அக்கரையிலிருந்து படகு வந்துவிட்டது. அதில் இரண்டு பேர். மூத்தவர் கம்புகளைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார்.

"இன்னா மாமு இது? இன்னிக்கு யார் பாடு?"

நைனா என்னை ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். நான் பத்தடி தூரத்தில், பள்ளிக்கூட முகாம் சட்டையில், கையில் தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்தேன். நான்தான் கட்டச் சொன்னேன் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

"மறந்துட்டேன்பா" என்றார் நைனா. "கெயம மாறிப் பூட்ச்சி."

படகில் இருந்த இளையவன், "நீயா மறந்தே?" என்றான். சார் என்னிடம், "ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் அவரே, "இது அவங்க உள்ளூர் விஷயம், நாம தலையிட வேணாம்" என்று விசிலை ஊதினார். விசில் ஊதினால் வரிசையில் நிற்க வேண்டும். ஐந்து வருடப் பழக்கம். நானும் போய் வரிசையில் நின்றேன். நடந்து போகும்போது திரும்பிப் பார்த்தேன். நைனா கம்புகளை உருவிக்கொண்டிருந்தார். கரை முழுக்க வெள்ளை டிஷ்யூக்கள் சேற்றில் ஒட்டிக் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டம் போட்டார்கள். அந்த நேரத்தில் நான் மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் அந்தாக்ஷரி பாடிக்கொண்டிருந்தேன். அம்மா போனில் சொன்னாள்: மூன்று மாதத்துக்கு நைனா ஆற்றில் கம்பு ஊன்றக் கூடாது. "பொண்ணு இஸ்கூல்லேர்ந்து வந்தாங்க, அதுக்காண்டி கட்டுனேன்னு சொல்லிருந்தா கண்டிச்சி வுட்ருப்பாங்க. தலைவரே ரெண்டு தபா கேட்டாரு. வாயே தொறக்கலியே உங்க நைனா! படிக்கிற புள்ள பேரு கூட்டத்துல அடிபடக் கூடாதாம்" என்று கத்தினாள். நான் போனை வைத்துவிட்டு ஹாஸ்டல் குளியலறையில் வாந்தி எடுத்தேன்.

பள்ளியில் எனக்குச் சிறந்த முகாம் மாணவி என்று பேட்ஜ் கொடுத்தார்கள். சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் நைனாவின் படத்தைப் பெரிதாக மாட்டினார்கள். நனைந்த வெள்ளைச் சட்டை, தூக்கிப் பிடித்த வலை, சொன்னபடி சிரித்த சிரிப்பு. கீழே 'சமூகத்தோடு ஒரு காலை' என்று எழுதியிருந்தது. அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து ஒன்றரை வருடம் சாப்பிட்டேன். சாருக்கு ஒரு மணி நேரம், எங்களுக்கு மூன்று மாதம். இதை அவரிடம் ஒரு நாள் சொல்லவும் செய்தேன். "ஓ, அப்படியா? ரொம்ப சாரி" என்றார். அவ்வளவுதான்.

விடுமுறைக்கு வந்தபோது நைனா கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குப் பாடு தேவையில்லை. ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சாம்பல் சேற்றில் மண்டி போட்டு நாள் முழுக்கத் துழாவ வேண்டும். விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருந்தது. குழம்பு பட்டால் எரிகிறது என்று ஸ்பூனால் சாப்பிட்டார். என் நைனா ஸ்பூனால் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

மூன்று மாதம் முடிந்து அவர் பழையபடி கம்பு ஊன்றினார். ஆனால் அதற்குப் பிறகு யாரும் அவரிடம் வந்து பாடு கேட்பதில்லை. இப்போது கணக்கு சொல்வது வேறொருவர். நைனா போகும்போது பையன்கள், "மாமு, இன்னிக்கு இன்னா கெயம?" என்று கூவுவார்கள். அவரும் திரும்பி, "ஞாபகம் இல்லடா" என்பார்.

போன மாதம் அதைக் காதால் கேட்டேன். கரையில் ஏழெட்டுப் பேர் வலை பின்னிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குப் படகில் வந்த மூத்தவரும் இருந்தார். அவரும் சேர்ந்து நைனாவிடம் கிழமை கேட்டார். எனக்குப் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நடுவில் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். போனில் அழுததை, நைனா முடியாது என்றதை, பலகையில் எழுதியதை, ஒன்று விடாமல். "அவர் எதையும் மறக்கலை. நான்தான் கட்டச் சொன்னேன்" என்று கத்தினேன்.

மூத்தவர் ஊசியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அவர் முகம் கனிந்திருந்தது.

"பாருடா, நைனாவக் காப்பாத்த பொண்ணு இன்னாமா கதை கட்டுது!" என்றவர் நைனா பக்கம் திரும்பினார். "குட்த்து வெச்சவன்யா நீ."

எல்லாரும் சிரித்தார்கள். நைனாவும் வெடித்த கையால் என் தலையைத் தட்டி, அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.