ஈயத்துக்கு இங்கிலீஷில் என்ன?

இணைய ஏலத் தளத்தில் பொருள் விற்பவர்களுக்குக் கடை வாடகை கிடையாது, கல்லாப்பெட்டி கிடையாது, நிம்மதியும் கிடையாது. நீங்களும் அந்தப் பக்கம் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவர் என்றால் வாருங்கள், இப்படிப் பக்கத்தில் உட்காருங்கள். நம் அவஸ்தை நமக்குத்தான் புரியும்.

டில்லி ஆர்.கே.புரத்தில் எங்கள் செக்டாருக்கு பிராட்பேண்ட் வந்த புதிது. என் கணவர் மத்திய அரசில் செக்‌ஷன் ஆபீசர். குவார்ட்டர்ஸ் அவர் பெயரில், கேஸ் அவர் பெயரில், டெலிபோனும் அவர் பெயரில். என் பெயர் எழுதியிருந்தது கல்யாணத்துக்கு அப்பா வாங்கிக் கொடுத்த காபி ஃபில்டரில் மட்டும்தான். 'கோமதி' என்று விளிம்பில் வெட்டியிருக்கும். காலேஜில் படிக்கும் என் மகள் நித்யா ஏலத் தளத்தில் எனக்கு ஒரு விற்பனைக் கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தாள். திரையில் என் பெயர் வந்தது. பொருள் வாங்கியவர்கள் திருப்தியாக இருந்தால் நல்ல வார்த்தை எழுதுவார்கள், பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் ஏறும், அதைப் பார்த்து அடுத்தவர் நம்பி வாங்குவார் என்றாள். இரண்டு நாள் அந்தப் பக்கத்தையே திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரைக் கெடாமல் காப்பாற்ற வேண்டும் என்பதைத் தவிர எனக்குப் பெரிய வியாபார ஆசை எதுவும் இருக்கவில்லை.

முதல் போணி

வீட்டில் மூன்று காபி ஃபில்டர் இருந்தன. ஒன்றைப் படம் எடுத்துப் போட்டோம். கல்யாணச் சீரில் வந்த பித்தளை ஃபில்டர், என் பெயர் வெட்டியது. பெயர் இருந்தால் யார் வாங்குவார்கள் என்று பயந்தேன். சாயங்காலம் பார்த்தால் முகம் தெரியாத இரண்டு பேர் அதற்காக மோதிக்கொண்டிருக்கிறார்கள். விலை ஏற ஏற எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது. குக்கர் விசில் அடித்ததே காதில் விழவில்லை.

கடைசியில் ஜெயித்தது அஸ்ஸாமில் தேஜ்பூர் ராணுவக் குடியிருப்பில் இருந்த செல்வி. திருநெல்வேலிப் பெண், கணவர் ஹவில்தார். ஃபில்டர் போய்ச் சேர்ந்த அன்று போன் செய்தாள். இந்தத் தொழிலில் நல்லது என்று ஏதாவது உண்டா என்று கேட்டால் அந்த ஒரு போனைத்தான் சொல்வேன். "அக்கா, இங்க குவார்ட்டர்ஸ் லைன் பூரா டீதான். உங்க பேரு போட்ட ஃபில்டர்ல காபி இறக்குனேன், பக்கத்து வீட்டுக்காரி வாசனை பிடிச்சுக்கிட்டு வந்துட்டா!"

ஜெயித்த பிறகு பேரம்

அந்தத் தைரியத்தில் கும்பகோணத்தில் இருக்கும் என் தம்பியிடம் சொல்லிப் பாத்திரங்கள் தருவித்தேன். இட்லித் தட்டு, குத்துவிளக்கு, கல்சட்டி, ஈயச் சொம்பு. ரசம் வைக்கிற ஈயச் சொம்பைப் பற்றிப் பின்னால் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது.

குத்துவிளக்கை கரோல் பாகில் இருந்து ஒருவர் ஏலத்தில் எடுத்தார். மற்ற எல்லோரையும் முந்திக்கொண்டு, அவராகவே ஏற்றிவிட்ட விலை. மறுநாள் போன். குசலம் விசாரித்தார், டில்லி வெயிலைத் திட்டினார், பிறகு விலையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். ஏலத்தில் நீங்கள் கேட்ட விலைதானே அது என்றேன். எனக்குத் தெரிந்த இந்தியில் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். ஏலம் வேறு, விலை வேறு என்பது அவர் கட்சி. எனக்காக மிகவும் பொறுமையாக விளக்கினார். "பெஹன்ஜி, போலி தோ ஹோ கயீ. அப் சஹி தாம் பதாயியே!" ஏலம் முடிந்தது, இனி சரியான விலையைச் சொல்லுங்கள் என்கிறார். இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்?

உடையும் பொருள்

பூனாவுக்கு அனுப்பிய கல்சட்டி மூன்று துண்டாகப் போய்ச் சேர்ந்தது. பழைய புடவையைக் கிழித்துச் சுற்றி, வைக்கோல் வைத்து, பெட்டியின் நாலு பக்கமும் 'உடையும் பொருள்' என்று சிவப்பு மையில் இங்கிலீஷிலும் இந்தியிலும் எழுதி அனுப்பியது. வாங்கிய அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்து, நட்சத்திரம் இறங்காமல் பார்த்துக்கொண்டேன். கூரியர் ஆபீசுக்குப் போய்ச் சண்டை போட்டேன். கவுண்டரில் இருந்த ஆள் நம் ஊர்க்காரர்தான், என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மேடம், நீங்க எழுதினதுதான் தப்பு. உடையும்னு எழுதலைன்னா யாரும் அதைத் தூக்கி ஆட்டிப் பார்த்திருக்க மாட்டாங்க!"

சொம்பு ஓடிப்போனது

ஈயச் சொம்பை வெறுமனே அடுப்பில் வைக்கக் கூடாது. உள்ளே ரசமோ தண்ணீரோ இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உருகி ஓடிவிடும். இது நம் வீட்டில் குழந்தைக்கும் தெரியும். அதனாலேயே அதை எழுதத் தோன்றவில்லை. படத்தில் அதன் பளபளப்பைப் பார்த்து ஜனக்புரி சாவ்லா அம்மாள் ஒன்று வாங்கினார். அவர்கள் பஞ்சாபி வழக்கப்படி நெய் விடுவதற்கு முன் காலிச் சொம்பை அடுப்பில் ஏற்றியிருக்கிறார்.

ஒருநாள் மத்தியானம் ஆட்டோ பிடித்து நேரில் வந்துவிட்டார். கையில் பாலிதீன் பை, அதற்குள் தட்டையாக ஒரு உலோகக் கட்டி. கோபப்படவில்லை, அதுதான் இன்னும் சங்கடம். சொம்பு தண்ணீராகிப் போன அதிசயத்தை அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டிவிட்டு வந்திருந்தார். காபி கொடுத்து, வேறு சொம்பு கொடுத்து, வாசல்வரை போய் வழியனுப்பினேன். போகும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் சொம்பு தண்ணீராகிவிட்டது என்று இன்னொரு தரம் அதிசயப்பட்டார். "பெஹன்ஜி, ஆப்கா லோட்டா தோ பானி ஹோ கயா!"

சுத்தமான ஈயம்

இனிமேல் எல்லா விவரமும் எழுதிவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். நான் சொல்லச் சொல்ல நித்யா இங்கிலீஷில் அடித்தாள். காலியாக அடுப்பில் வைக்காதீர்கள், சரி. கையால் அடித்தது, சரி. அப்புறம் ஈயம் என்றால் என்ன என்று இந்தியில் கேட்டாள், "அம்மா, யே ஈயம் க்யா ஹோதா ஹை?" ஈயம் என்றால் ஈயம்தான் என்றேன். இங்கிலீஷில் என்ன என்றாள். எனக்குத் தெரியவில்லை. டில்லியில் பிறந்த பெண், தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். பாவம், அவளே அகராதியைப் புரட்டி 'லெட்' என்று கண்டுபிடித்தாள். எனக்கு ஒரே பெருமை. "சுத்தமானதுன்னு போடு, கலப்படமே இல்லைன்னு போடு" என்றேன். அப்படியே போட்டாள்.

நம் தமிழில் காரீயமும் ஈயம், வெள்ளீயமும் ஈயம். காரீயம் விஷம், அதுதான் லெட். சொம்பு செய்வது வெள்ளீயத்தில், அது டின். டில்லியில் டின் என்றால் எண்ணெய் டப்பா, எனக்கு எங்கே தோன்றப் போகிறது? சமையலுக்குக் கலப்படமில்லாத விஷப் பாத்திரம் என்று என் பெயரில் ஊருக்கெல்லாம் விளம்பரம் செய்திருக்கிறேன். யாரோ ஒரு டாக்டர் பார்த்துப் புகார் கொடுத்துவிட்டார். தளத்தார் கணக்கை மூடினார்கள். அதோடு விட்டார்களா? சொம்பு வாங்கிய எல்லோருக்கும் 'உடனே உபயோகத்தை நிறுத்துங்கள்' என்று மெயில் அனுப்பினார்கள்.

அவர்களில் செல்வியும் ஒருத்தி. ஃபில்டர் கொடுத்த நம்பிக்கையில் சொம்பும் வாங்கியிருந்தாள். போனில் அழுகைச் சத்தம்தான் முதலில் கேட்டது. "அக்கா, பல்லு முளைக்காத பிள்ளைக்கு அந்த ரசத்துலதான்க்கா சோறு பிசைஞ்சு ஊட்டுனேன்!"

எந்த ஈயம்?

அது வெள்ளீயம், பயப்படாதே என்று அவளிடம் சொன்னேன். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன். எனக்கு எப்படித் தெரியும்? தம்பிக்குப் போன் போட்டு எந்த ஈயம் என்று கேட்டேன். "ஈயம்னா ஈயம்தாங்க்கா" என்றான். நான் நித்யாவுக்குச் சொன்ன அதே பதில். அன்று இரவு எங்கள் வீட்டிலும் யாரும் ரசம் சாப்பிடவில்லை.

உலோகப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் ஒருவரை என் கணவர் தேடிப் பிடித்தார். மிச்சமிருந்த சொம்புகளையும் சாவ்லா அம்மாளின் கட்டியையும் கொடுத்தோம். ரிசல்ட் வருகிறவரை மலை மந்திர் படி ஏறி முருகனிடம் அந்தப் பிள்ளைக்காகத்தான் வேண்டிக்கொண்டேன். நட்சத்திரம் ஞாபகத்துக்கே வரவில்லை. எல்லாம் நல்ல வெள்ளீயம், பயமில்லை என்று பதில் வந்தது. அங்கே ஆஸ்பத்திரியில் காட்டியதில் பிள்ளைக்கும் ஒன்றுமில்லை என்றார்கள். போனில் செல்வியும் நானும் சேர்ந்து அழுதோம். அப்புறம் அவள் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "நீங்க சொன்னா நம்புதேன்க்கா. ஆனா சொம்பைத் தூக்கிப் போட்டுட்டேன். ஃபில்டர் மட்டும் இருக்கு."

முடிவே முடிவு

ரிசல்டை இணைத்துத் தளத்தாருக்கு எழுதினோம். எங்கள் முடிவு இறுதியானது என்று பதில் வந்தது. திரும்ப எழுதினோம், அதே பதில் அதே எழுத்தில் வந்தது. போன் நம்பரைத் தேடிப் பிடித்து ஒரு பெண்ணிடம் மன்றாடினேன். தமிழில் ஒரே வார்த்தைம்மா, இங்கிலீஷில் இரண்டு என்று விளக்கினேன். நீங்கள் விற்றது லெட் இல்லையென்றால் லெட் என்று பொய் விளம்பரம் செய்ததற்காகவும் மூடலாம் என்றாள். அந்தப் பெயரில் இனி கணக்கே திறக்க முடியாதாம். நித்யா திரையைக் காட்டினாள். என் பெயரைத் தேடினால் அப்படி ஒருவர் இல்லை என்று வந்தது.

நான் சமையலறையில் போய் நின்றுகொண்டேன். மனசு விட்டுப் போயிற்று. என் கணவர் நல்ல மனிதர், அதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன். பின்னாலேயே வந்தார், தோளில் கை வைத்தார், உண்மையான அன்போடு சொன்னார். "இதுக்குப் போய் அழுவியா, கோமு? என் பேர்ல ஆரம்பிச்சுட்டாப் போச்சு!"

இப்போது கடை அவர் பெயரில் ஜோராக நடக்கிறது, என் பெயரைப் பார்க்க வேண்டும் என்று யாருக்காவது தோன்றினால் நானே ஏலம் போட்ட அந்த ஃபில்டரின் விளிம்பைத் தேடித் தேஜ்பூருக்குத்தான் போக வேண்டும்.