எல்லாரும் இடது கையால் சாப்பிட்ட படம்

“உங்கம்மாவுக்கு அவ பேரையே எழுதத் தெரியாது. அவளப் பத்தி நீ என்னம்மா எழுதுவே? ரெண்டு வரி தேறுமா?”

அம்மா இறந்த மூன்றாம் நாள், நினைவு மலருக்கான கட்டுரையை நானே எழுதுகிறேன் என்று சொன்னபோது மாமா கேட்டது இது. மாமா என்றால் அம்மாவின் உடன்பிறந்த அண்ணன். பாயா ரும்புட்டில் உள்ள அவர் வீட்டு வரவேற்பறையில், உறவினர் பலர் உட்கார்ந்திருக்கும்போது கேட்டார். உங்களில் சிலர் சிரித்தீர்கள். இரண்டு வரிக்கு மேல் தேறியிருக்கிறது. பொறுமையாகப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா அலோர் காஜா பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்தின வீட்டில் பிறந்தார். மூன்று பிள்ளைகளில் நடுப்பிள்ளை. மூத்தவர் மாமா, இளையவர் சித்தி. மாமா தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தார். சித்தி நான்கு வரை. அம்மா ஒரு நாளும் போகவில்லை. பெற்றோர் இருவரும் விடியுமுன் பால்மரம் வெட்டப் போய்விடுவதால், கைக்குழந்தையாக இருந்த சித்தியைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆளுக்கு அப்போது ஏழு வயது.

அம்மாவுக்கு இடது கை வழக்கம். சாப்பிடும்போது அந்தக் கையை முதுகுப்பக்கம் துணியால் கட்டிவிடுவார்களாம். கட்டை அவிழ்த்தால் கை மறுபடி தட்டுக்குப் போகும். மறுபடி அடி விழும். பதினைந்து வயதில் பால்மரம் வெட்டப் போனார். மரத்தில் வெட்டு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்கும். கத்தியும் வலக்கைக்காரர்களுக்கு வளைந்தது. அம்மா பிடித்தால் பட்டை காயப்பட்டது. “பீச்சாங்கையால என் மரத்தைத் தொடாதே” என்று கங்காணி எல்லார் எதிரிலும் கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். அன்று முதல், தோட்டம் விற்கப்பட்டு வீடுகள் இடிக்கப்படும் வரை, அம்மா புல் வெட்டினார். புல்லுக்கு எந்தக் கை என்று கேட்க ஆளில்லை.

கல்யாண வீடுகளில் அம்மா பந்தியில் உட்கார்ந்ததை நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். எல்லாரும் எழுந்த பிறகு சமையல்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிடுவார். “அவங்களுக்குக் கூச்சம்” என்று நீங்கள் சொல்லிக்கொண்டீர்கள். பக்கத்து இலைக்காரர் முகம் சுளிப்பதை இரண்டு முறை பார்த்தார்; மூன்றாவது முறைக்குக் காத்திருக்கவில்லை. அவ்வளவுதான்.

லாரி உதவியாளராக இருந்த அப்பா, நான் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது காலமானார். மாமா தம் வீட்டில் ஓர் அறையை எங்களுக்கு ஒதுக்கி ஓராண்டு வைத்திருந்தார். அதை மறக்கவில்லை. பிறகு தஞ்சோங் கிளிங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தோம். கடலோரத் தங்கும் விடுதி ஒன்றின் சலவைப் பகுதியில் அம்மாவுக்கு வேலை. நீராவியில் நின்று விரிப்புகளை மடித்து என்னைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளி இறுதியான ஐந்தாம் படிவத்தைத் தாண்டியவள் நான்தான் முதல். பட்டம் வாங்கியவளும் நான்தான். அதைப் பற்றிப் பெருமைப்படுகிறேன். அந்தப் பெருமை என்ன செய்தது என்பதையும் எழுத வேண்டும்.

தீபாவளிக்கு மறுநாள் மாமா வீட்டில் நடக்கும் படச் சண்டை உங்களுக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு பழைய படம் சொல்ல வேண்டும். அதில் ஒரே ஒரு காட்சியை எடுத்து, மற்றப் படங்களைவிட அது ஏன் உசத்தி என்று வாதாட வேண்டும். தீர்ப்பு மாமாவுடையது. தோற்றவர் அன்றைய பாத்திரங்களைக் கழுவ வேண்டும். எனக்கு நினைவு தெரிந்த நாளாய்க் கழுவியவர் அம்மா ஒருவரே.

அம்மாவிடம் இருந்தது ஒரே படம். சிறுமியாகத் தோட்டத்துத் திடலில் ஒரே ஒருமுறை பார்த்த கறுப்பு வெள்ளைப் படம். ஊரைவிட்டு விரட்டப்பட்ட உப்பளத் தொழிலாளி ஒருவன் திரும்பி வந்து, கடைசியில் ஊரோடு ஒரே பந்தியில் உட்காருவான். படத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் தேடிப்பிடித்து, மறுபடி போட்டுச் சிரிப்பீர்கள்.

“எம்படத்துக் கடைசிப் பந்திக்கு முன்னால உங்க படமெல்லாம் நிக்குமா?” என்று அம்மா தொடங்குவார். “ஊரே ஒக்காந்து பீச்சாங்கையால சாப்புடுதுலா. அந்த ஆளு, பொம்பளைங்க, முதலாளி எல்லாருமே. ஒருத்தர் ஒருத்தர ஏசல.”

“ஊரே பீச்சாங்கையா?” என்பார் மாமா. “அப்பக் கழுவுறதுக்கு எந்தக் கை, தங்கச்சி?”

“சிரிங்க, சிரிங்க. அப்ப வந்த படத்துல மனுசங்க அப்படித்தான் இருந்தாங்க. இப்பத்தான் எல்லாரும் சோத்தாங்கையா மாறிட்டாங்க.”

“டிவில போடுற பழைய படத்துலயும் சோத்தாங்கைதானே அத்தை?” என்று மாமாவின் மகன் எடுத்துக் கொடுப்பான்.

“டிவிக்காரன் மாத்திருப்பான்.”

வருடாவருடம் இதே. ‘டிவிக்காரன் மாத்திருப்பான்’ நம் குடும்பத்தில் ஒரு சொல்லாகவே ஆகிவிட்டது. ரசத்தில் உப்புக் குறைந்தாலும் டிவிக்காரன். கார் கிளம்பாவிட்டாலும் டிவிக்காரன். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் ஒரு வருடம்கூடப் படத்தை மாற்றிச் சொன்னதில்லை. தோற்போம் என்று தெரிந்தே அதையே சொன்னார்.

போன தீபாவளிக்கு அந்தப் படத்தை நான் இணையத்தில் கண்டுபிடித்தேன். ஆதாரம் இல்லாமல் பேசக்கூடாது என்று நான்கு வருடம் படித்தவள் அல்லவா? கைப்பேசியை மாமாவின் பெரிய தொலைக்காட்சியோடு இணைத்து, கடைசிப் பந்திக்கு ஓட்டினேன். அம்மா சமையல்கட்டிலிருந்து ஈரக் கையோடு ஓடி வந்தார். அந்த முகத்தை நான் மறக்கப்போவதில்லை. பல வருடங்களுக்குப் பிறகு ஊருக்குப் போகிறவர் முகம்.

பந்தி வந்தது. ஊரே வலது கையால் சாப்பிட்டது.

“இது வேற படம்லா” என்றார் அம்மா.

“இதே படம்தாம்மா.”

“பாட்டு அதேதான்...” என்று இழுத்தார். “அந்த ஆளும் அதே ஆளுதான்...”

நான் படத்தை நிறுத்தினேன். அந்த உப்பளத்தான் வாயருகே சோற்றோடு உறைந்து நின்றான். எழுந்து போய்த் திரையைத் தொட்டுக் காட்டிக் கேட்டேன். “எந்தக் கைம்மா? நீங்களே சொல்லுங்க.”

அம்மா ஈரக் கைகளைத் துடைத்துக்கொண்டார். விட்டிருக்கலாம். நான் விடவில்லை. “எல்லாரும் கேக்குறாங்கம்மா. எந்தக் கை?”

“சோத்தாங்கை” என்றார்.

கைதட்டினீர்கள். ஒருவர் கைப்பேசியில் பதிவு செய்து குடும்பக் குழுவில் போட்டார். இன்னும் அங்கே இருக்கிறது. அறுபத்தேழு பேர் இருக்கும் குழுவில் ஒருவரும் நீக்கவில்லை. வீடு திரும்பும் வழியில், கிளேபாங் தாண்டும்போது அம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: “அப்ப அந்த ஆளும் என்ன மாதிரி இல்லியா?” நான் வண்டியை ஓட்டிக்கொண்டே, “படத்துல வர்றவன் யாரும் நம்ம மாதிரி இல்லம்மா” என்றேன். புத்திசாலித்தனமாகப் பேசியதாக அப்போது நினைத்தேன்.

அதன்பின் அம்மா படத்தைப் பற்றிப் பேசவில்லை. வீட்டில், என் முன்னாலேயே, வலது கையால் சாப்பிடப் பழகினார். சோறு சட்டையில் கொட்டும். துடைத்துக்கொண்டு மறுபடி எடுப்பார்.

நான்கு மாதத்தில் பக்கவாதம் வந்தது. இடது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது. மாமா தினமும் மருத்துவமனைக்கு வந்தார், பழம் வாங்கி வந்தார். கட்டிலருகே நின்று, “இப்பத்தான் எந்தங்கச்சி சோத்தாங்கைக்கு வந்திருக்கா” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் வாய் கோணச் சிரித்தார். ஒன்பதாம் நாள் காலமானார்.

எட்டாம் நாள் துக்கத்தன்று சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடி அந்தக் கதை வந்தது. மாமாதான் தொடங்கினார். பாசத்தோடுதான் சொன்னார், அதையும் பதிவு செய்கிறேன்.

“பாவம், அவ மேலயும் குத்தம் இல்ல. துணிக்குப் பின்னால ஒக்காந்து பாத்தவதானே” என்றார்.

என்ன துணி என்று கேட்டேன். சொன்னார். தோட்டத் திடல் நடுவில் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்பக்கம் தோட்டத்துக் கணக்கர் கிராணியின் குடும்பத்துக்கு நாற்காலி. அவர்களுக்குப் பின்னால் மற்றவர்களுக்குப் பாய். குழந்தை அழுதால் கிராணி ஏசுவார் என்பதால், கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்பிள்ளைகளைத் துணிக்கு மறுபக்கம் உட்கார வைப்பார்கள். அங்கிருந்தும் படம் தெரியும். இடம் வலமாக, வலம் இடமாகத் தெரியும்.

“பேரு ஓடும்போதே எழுத்தெல்லாம் திரும்பி நிக்கும்” என்றார் மாமா. “பள்ளிக்கூடம் போன புள்ள அப்பவே கண்டுபிடிச்சிரும். இவளுக்கு எழுத்து நேரா இருந்தா என்ன, திரும்பி இருந்தா என்ன?”

“உங்களுக்கு அப்பவே தெரியுமா மாமா?”

“தெரியாம? நாந்தானே பாப்பாவ அவ இடுப்புல குடுத்து, அந்தப் பக்கம் போடின்னு வெரட்டினேன்.”

“இத்தன வருசமா ஏன் சொல்லல?”

மாமா யோசிக்கவே இல்லை. “சொல்லிட்டா தீபாவளிக்கு என்னத்தப் பேசிச் சிரிக்கிறது?”

சித்தி எழுந்து வெளியே போய்விட்டார். அந்த இடுப்பில் இருந்த குழந்தை அவர்தான்.

அன்று வீட்டுக்கு வந்து, கைப்பேசியில் அந்தப் பந்தியை ஓடவிட்டு, அலமாரிக் கண்ணாடிக்கு நேரே பிடித்தேன். உப்பளத்தான் இடது கையால் பிசைந்தான். பக்கத்தில் இருந்த கிழவர் இடது கையால் அப்பளம் நொறுக்கினார். முதலாளியம்மாள் இடது கையால் குழந்தைக்கு ஊட்டினாள். ஒருவரும் ஒருவரையும் ஏசவில்லை. அம்மா சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. தான் பார்த்ததைப் பார்த்தபடி சொல்லிவிட்டு, அதற்காக இத்தனை வருடம் உங்கள் பாத்திரங்களைக் கழுவியிருக்கிறார்.

மாமாவுக்குத் தெரிந்திருந்தது, சொல்லவில்லை. உங்களுக்குத் தெரியாது; ஆனால் ஏன் இந்தப் பெண்மணி இதையே சொல்கிறார் என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. இருவரையும்விடப் படித்தவள் நான். எழுத்துத் தெரிந்த நான்தான் அம்மாவை எல்லார் முன்னும் நிற்க வைத்து, அவருடைய ஒரே படத்தை அவர் வாயாலேயே இல்லை என்று சொல்ல வைத்தேன். இந்த மூன்றில் எது பெரிய கொடுமை என்று வாதாட விரும்புகிறவர்கள் வாதாடலாம். தீர்ப்புக்கு அம்மா இல்லை.

நன்றி சொல்ல வேண்டும். விடுதிச் சலவைப் பகுதியில் அம்மாவோடு வேலை செய்த அக்காமார்களுக்கு நன்றி. அங்கே அம்மாவின் இடது கைக்கு எதிரே நின்று விரிப்பு மடிக்க அவர்கள் தங்கள் கையை மாற்றிக்கொண்டார்களாம். எங்கள் மாடியில் எனக்குப் பதினாறு நாளும் சோறு அனுப்பிய அண்டை வீட்டாருக்கு நன்றி. மருத்துவமனைக்கு நாள் தவறாமல் வந்த மாமாவுக்கு நன்றி. வந்து நின்ற, தூக்கிய, அழுத உறவினர் அனைவருக்கும் நன்றி. அழுதது பொய் என்று நான் நினைக்கவில்லை.

நம் குடும்ப வழக்கப்படி, கருமக்கிரியை அன்று மண்டபத்தில் மூத்த ஆண் எழுந்து இந்தக் கட்டுரையைச் சபைக்கு வாசிப்பார். அவர் மாமா. முன்னதாக ஒருமுறை பார்த்துக்கொள்ளக் கேட்டார். “சபையில நேராப் படிங்க மாமா, அப்பத்தான் மனசுலேருந்து வரும்” என்றேன். சரி என்றார். நிகழ்ச்சி நிரலில் வாசிப்பவர் என்ற இடத்தில் தாய்மாமன் என்று போட்டுவிட்டேன்.

மாமா இடையில் நிறுத்தக்கூடும். எந்த வரியில் நிறுத்தினாலும் அங்கிருந்து எழுந்து தொடரச் சித்தி ஒப்புக்கொண்டிருக்கிறார். நேற்று தஞ்சோங் கிளிங் வீட்டில் இருவரும் உட்கார்ந்து, எழுத்துக் கூட்டி, முதலிலிருந்து இந்த வரி வரை இரண்டு முறை சத்தமாகப் படித்துப் பார்த்துவிட்டோம்.

மகள்