நூலக்கா சுவர் ஏறிய கதை

சுவரும் சீலிங்கும் சேருகிற இடத்தில் இரண்டு நிறங்கள் சந்திக்கும். அந்த ஓரத்தை நேராக இழுக்கத் தெரியாத பெயிண்டர்கள் டேப் ஒட்டிக்கொள்வார்கள். தெரிந்தவர்களும் எதற்கு வம்பு என்று ஒட்டிக்கொள்வார்கள். ஒட்டாமல் இழுக்கிற ஒரே ஆள் நூலக்காதான். ஏணியில் ஏறி, பிரஷ்ஷைத் தலைக்கு மேலே தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. நூல் பிடித்தாற்போல் வரும். அப்பா அம்மா வைத்த பெயர் அதோடு எல்லாருக்கும் மறந்துபோனது.

அவளைக் கட்டிய புண்ணியவான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். இத்தனை வருஷத்தில் வேனை ஒரு தடவைகூடக் கோட்டுக்குள் ஒழுங்காக நிறுத்தியதில்லை. "வீட்டுக்கு ஒருத்தர் நேராப் போட்டாப் போதும்" என்பார். பெண்டாட்டி பெருமையை அவர் ஆரம்பித்தால், பிள்ளைகளை ஏற்றிவிட வந்த தாய்மார்கள் நைசாக நழுவிவிடுவார்கள்.

ஒருநாள் குளித்துவிட்டு வந்த நூலக்கா, "வலது மார்புல ஏதோ கட்டி தட்டுப்படுது" என்றாள்.

"ஏணியில இடிச்சிருப்ப."

"இடிச்சா வலிக்கணும்ல? இது வலிக்கவே இல்ல."

வலிக்காததுதான் அவளை உறுத்தியது. ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஊசியால் துளிச் சதை எடுத்துப் பயாப்ஸி பார்த்தார்கள். புற்றுநோய் என்று வந்தது.

டாக்டரம்மா சுற்றி வளைக்கவில்லை. வலது மார்பை முழுசாக எடுக்க வேண்டும், அக்குளில் இருக்கிற நெறிக்கட்டிகளையும் எடுக்க வேண்டும் என்றார். நூலக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"கை தலைக்கு மேல போகுமா டாக்டர்?"

"உயிரப் பத்திக் கேக்காம கையப் பத்திக் கேக்கறீங்களே!"

"உயிர் உங்க பொறுப்பு, நீங்க பாத்துக்குவீங்க. கை என் பொழப்பாச்சே."

டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "தழும்பு இறுகும், தோளும் இறுகும். விடாம பயிற்சி செஞ்சா நிறையப் பேருக்குக் கை மேல போகுது. சிலருக்குப் போறதில்ல. நான் சத்தியம் பண்ண மாட்டேன்."

பொய் சொல்லாத அந்த அம்மாளை நூலக்காவுக்கு அங்கேயே பிடித்துப்போனது.

ஆபரேஷன் நடந்தபோது வேன்காரர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தார். ஓரமெல்லாம் கோணல்மாணல். அவள் முழித்து வந்ததும் இதைச் சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று அதையே பிடித்துக்கொண்டு நேரத்தைத் தள்ளினார். கடைசியில் ஸ்ட்ரெச்சர் வந்தது. மயக்கம் பாதி தெளிந்து மல்லாந்து கிடந்த நூலக்கா அவரை முந்திக்கொண்டாள்.

"மேல பாருங்க... எவன் அடிச்சான் இத?"

அந்த இடத்திலேயே அவர் வாய்விட்டு அழுதார். நர்ஸ் அதட்டிய பிறகுதான் நிறுத்தினார்.

கட்டுப் பிரித்த அன்று நூலக்கா கண்ணாடி முன் வெகுநேரம் நின்றாள். அவர் அவளுக்குப் பின்னாலேயே நின்றார். "ஒரு பக்கம் மட்டும் பட்டி தேச்சு மட்டமாக்கின சுவர் மாதிரி ஆயிடுச்சு" என்றாள் அவள். சிரிக்கலாமா கூடாதா என்று அவர் விழித்தபோது அவளே சிரித்தாள். பிறகு அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சட்டை நனைந்தது.

பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண் எளிமையாகத்தான் சொன்னாள். சுவரைப் பார்த்து நில்லுங்கள், விரல்களாலேயே மேலே ஏறுங்கள், எட்டுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள், அடுத்த நாள் அதைத் தாண்டப் பாருங்கள்.

"சுவத்துல பென்சிலாலயா?" என்று நூலக்கா அதிர்ந்துபோனாள். ஆபரேஷன் என்றபோதுகூட முகம் அப்படி மாறியதில்லை.

வேறு வழியில்லாமல் பின்னறைச் சுவரைக் கொடுத்தாள். அவளே அடித்த சுவர், பளபளப்பில்லாத வெளிர்நீலம். விரல்கள் தோளைத் தாண்டின, கன்னத்தருகே வந்தன. அங்கேயே நின்றுவிட்டன. நாளுக்கு நாள் அதே கோடு. அவள் கோட்டைப் பார்த்தபடி தரையில் உட்கார்ந்துவிடுவாள். சாப்பாடு ஆறிப்போகும்.

வேன்காரருக்குப் பொறுக்கவில்லை. அவள் குளிக்கப் போன நேரத்தில் ஈரத்துணியால் மேல் கோட்டைத் துடைத்துவிட்டு, ஒரு விரல் கீழே புதிதாகப் போட்டார். மறுநாள் அவள் கை கோட்டைத் தாண்டியது. முகம் மலர்ந்து இரண்டு வாய் கூடுதலாகச் சாப்பிட்டாள். அடடா, இவ்வளவுதானே என்று அவர் இன்னொரு தடவை துடைத்தார். பிறகு இன்னொரு தடவை.

பெயிண்டரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு ஒரு விஷயம் தெரியவில்லை. பளபளப்பில்லாத சுவரைத் தேய்த்தால், தேய்த்த இடம் பளபளக்கும். வெயில் பக்கவாட்டில் விழுந்த ஒரு காலையில் நூலக்கா கூப்பிட்டாள்.

"இங்க வாங்க. தலையச் சாய்ச்சுப் பாருங்க. என்ன தெரியுது?"

நீலச் சுவரில் வழுக்கை விழுந்த மாதிரி திட்டுத்திட்டாக மின்னியது.

"எறும்பு ஓடிச்சு. தொடச்சேன்."

"எறும்பு பென்சில் வெச்சுக்கிட்டுதான் ஓடிச்சா?"

அதற்குமேல் அவரால் மறைக்க முடியவில்லை. "நீ துவண்டு போய் உக்கார்றத என்னால பாக்க முடியல."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். "நான் எங்க நிக்கிறேன்னு எனக்கே தெரியலன்னா எப்படிங்க மேல போறது?" என்றாள். பென்சிலை எடுத்து அவர் கையில் திணித்தாள். "இனிமே நீங்களே போடுங்க. உள்ளதப் போடுங்க."

அவர் வாழ்க்கையில் செய்த கஷ்டமான வேலை அதுதான். கீமோ மருந்து ஏற்றிவந்த ஒரு வாரம் கை முந்தினதைவிடக் கீழேதான் நின்றது. அவர் பென்சிலைக் கீழே வைக்கப் பார்த்தார். "போடுங்க" என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. போட்டார். அதற்கப்புறம் விரல்கள் காதைத் தொட்டன, நெற்றியைத் தாண்டின. ஒவ்வொரு விரல் உயரத்துக்கும் அவள் திட்டிய திட்டு, வேன் ஸ்டாண்டிலேயே அவர் கேட்டிராத ரகம். ஆனால் ஒருநாளும் நிறுத்தவில்லை. அவர் கோடு போட்டுவிட்டுத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொள்வார். பெருமை தாங்காமல்தான்.

மருந்தெல்லாம் முடிந்து, கொட்டிய முடி குட்டையாக முளைத்த பிறகு, டாக்டரம்மா தலையசைத்தார். ஏணி ஏறலாம், கனமானதைத் தூக்காமல் இருந்தால் போதும். முதல் வேலையாக நூலக்கா எடுத்துக்கொண்டது பின்னறைதான். பென்சில் கோடுகள், வழுக்கைத் திட்டுகள் எல்லாவற்றின்மேலும் புது நீலம் ஏறியது. கடைசியில் சீலிங் ஓரம் மட்டும் மிச்சம்.

அவர் ஏணியைப் பிடித்தார். அவள் ஏறி வலது கையைத் தூக்கினாள். தோளில் ஏதோ இழுத்திருக்க வேண்டும், ஒரு நொடி கண்ணை மூடினாள். பிறகு மூச்சைப் பிடித்து இழுத்தாள். கீழே அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஏணியை நகர்த்தி நகர்த்தி மூலையிலிருந்து மூலைவரை போனார்கள். இறங்கி நின்று பிரஷ்ஷால் மேலே காட்டினாள்.

"முன்ன மாதிரி இருக்கா? உள்ளதச் சொல்லுங்க."

'அற்புதம்' என்று சொல்ல வாய் திறந்தவர் மூடிக்கொண்டார். தலையைச் சாய்த்தார். இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நிதானமாகப் பார்த்தார்.

"கதவுக்கு மேல ஒரு முடியளவு வளைஞ்சிருக்கு."

நூலக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள், ஆபரேஷனுக்கு முன்னால் சிரித்த அதே சிரிப்பு.

"பரவாயில்லையே, கண்ணு வந்துடுச்சு உங்களுக்கு! பிடிங்க ஏணிய."

மறுபடி ஏறினாள். கையைத் தலைக்கு மேலே தூக்கி, அந்த முடியளவையும் நேராக்கினாள்.