சிவப்பில் விழுந்த வீடு

உடைந்தால் என்ன ஆகும் என்று எழுதுவதுதான் என் வேலை. உடையுமா உடையாதா என்று சொல்வது வேறொருவர் வேலை. இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லி அலுத்திருப்பேன் என்று தெரியாது. என் வீட்டுக்காரருக்கே இன்னும் பிடிபடவில்லை.

சுரங்கங்களிலும் குவாரிகளிலும் கழுவி ஒதுக்கிய கழிவுச் சேற்றை மண்கரை போட்டுத் தேக்கி வைப்பார்கள். அந்தக் கரை போனால் சேறு எந்த வழியாக இறங்கும், எவ்வளவு உயரத்துக்கு நிற்கும், யார் வீட்டுக்குள் புகும் என்று கணக்கிட்டு வரைபடம் போட்டுக் கொடுக்கும் பொறியாளர் நான். மார்த்தாண்டத்திலிருந்து மலைப்பக்கம் போகிற சாலையில் ஒரு குவாரி. எம்-சாண்ட் என்கிற செயற்கை மணலைக் கழுவிய சேறு அங்கே ஒரு குன்றின் சரிவில் குளம்போலத் தேங்கிக் கிடக்கிறது. போன மழைக்காலத்துக்கு முன்பு அதற்காக என்னை அழைத்தார்கள்.

"கீழ வெறும் ரப்பர்தான் மேடம். பாதிப்பு குறைவுன்னு போட்டுத் தந்தா மதி, அது போதும்" என்றார் மேனேஜர்.

இறங்கி நடந்து பார்த்தேன். ரப்பர் தோட்டம் இருந்தது. ரப்பருக்குக் கீழே ஓடை, ஓடையை ஒட்டி வரிசையாக வீடுகள், ஒரு அங்கன்வாடி. ஓடை வளைகிற இடத்தில், வயலை மண்ணடித்து உயர்த்திக் கட்டிய ஒரு மாடி வீடு. தண்ணீர் வேண்டுமானால் அந்த வளைவில் திரும்பும். சேறு திரும்பாது, நேரே வரவேற்பறைக்குள் போகும்.

மேனேஜரிடம் சொன்னேன்.

"கரை உடையப் போறதில்ல மேடம். உடையாட்டா ஒருத்தரும் சாவ மாட்டாங்க. அப்பம் பூஜ்யம்ன்னு எழுதலாமே?"

"உடைஞ்சா எத்தனை பேருங்கிறதுதான் சார் கேள்வி."

"அதுதான் உடையாதுல்லா?"

வாங்கி வைத்த சாயா ஆறி ஆடை படியும்வரை இப்படியே சுற்றிச் சுற்றிப் பேசினோம்.

அவராவது அப்படித்தான் பேசுவார் என்று எதிர்பார்த்துப் போனேன். மாடி வீட்டுக்காரரை எதிர்பார்க்கவில்லை. வளைகுடாவில் உழைத்துத் திரும்பியவர். வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய் இருக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கருவியோடு ஓடைக்கரையில் அலைந்ததைப் பார்த்தவர், அடுத்த முறை போனபோது கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"எங்க வீட்ட படத்துல சிவப்பு அடிச்சிருக்கியளாமே?"

"ஆமா அண்ணே. சேறு வந்தா முதல்ல இங்கதான் வரும்."

"அத எடுத்திருங்க."

"எடுத்தா சேறு வராம நிக்குமா?"

"சேறு எப்பவாவது வரும். வீடு பாக்க ஆளு ஞாயித்துக்கிழம வருது."

சேற்றைத் தேக்கியவருக்கும் சிவப்பு வேண்டாம், சேறு விழப்போகிற தலைக்கும் சிவப்பு வேண்டாம். இடையில் நான் மட்டும் யாருக்காகச் சண்டை போடுகிறேன் என்று எரிச்சலோடு எழுந்து வந்துவிட்டேன்.

வண்டியில் ஏறப்போகும்போது அவர் மனைவி பின்னாலேயே வந்தார்.

"அவரு சொன்னத விடுங்க மக்களே. அது உடைஞ்சா எங்களுக்கு எவ்வளவு நேரம் கெடைக்கும்?"

இந்த வேலையில் என்னிடம் பதில் இருந்த கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

"ரொம்பக் கொஞ்சம்தான் அக்கா. சத்தம் கேட்டதும் ஓடணும். எதையும் எடுக்க நிக்கப்படாது."

"எந்தப் பக்கம்?"

"ரோட்டுப் பக்கம் போகாதீங்க, ரோடு ஓடைகூடவே போகுது. வீட்டுக்குப் பின்னால ரப்பர் மேட்டுல ஏறணும்."

இருவரும் பின்பக்கம் போய்ப் பார்த்தோம். ஆளுயரத்துக்கு மேல் மதில், அதன்மேல் கண்ணாடிச் சில்லு. திருடன் உள்ளே வராமலிருக்கக் கட்டியது. உள்ளே இருப்பவர் வெளியேறவும் வழியில்லை.

வீட்டைச் சிவப்பாகவே வைத்து, 'பாதிப்பு மிகக் கடுமை' என்று அறிக்கை கொடுத்தேன். குவாரிக்காரர்கள் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வேறொருவரை அமர்த்தினார்கள். அவர் வரைபடத்தில் சேறு அந்த வளைவில் அடக்கமாகத் திரும்பிப் போய்விடுகிறதாம். அதிகாரிகளுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். கிடைத்தது என்று பதில் வந்தது.

மழை விட்டபின் அந்த வழியாகப் போக நேர்ந்தது. பின்மதிலை உடைத்து ஒரு இரும்புக் கதவு வைத்திருந்தார்கள். பூட்டில்லை, கொண்டி மட்டும்தான். அங்கன்வாடி டீச்சரிடம் வீட்டுக்கார அம்மா சொல்லி, பிள்ளைகளை ஒருநாள் அந்தக் கதவு வழியாக மேட்டில் ஏற்றிப் பழக்கியிருக்கிறார்கள். சேனைக்கிழங்குச் செடிகளை எல்லாம் மிதித்துவிட்டார்கள் என்று வீட்டுக்கார அண்ணன் முணுமுணுத்தார்.

"வீடு பாக்க வந்தவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"கதவு எதுக்குன்னு கேட்டாரு. காத்து வரதுக்குன்னு நான் சொல்லதுக்குள்ள இவ உள்ளதைச் சொல்லிட்டா. பிறகு அந்த ஆள் வரல்ல."

அந்த அம்மா சாயா போட உள்ளே போனார். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன். மேலே லாரிகள் மண் கொட்டிக்கொண்டிருந்தன. குளம் நிறைந்துவிட்டதால் கரையை இன்னும் உயர்த்துகிறார்கள்.