கீரியில ஒரு பிள்ளை

இன்று முருங்கனுக்குப் போகும் பஸ்ஸில் பக்கத்தில் இருந்த அக்கா என் கழுத்து மாலையைத் தொட்டுப் பார்த்தார். அம்மாவின் பழைய சேலைக் கரையையும் வலை நூலையும் சேர்த்து நானே பின்னியது.

“ஆர் செய்தது, தங்கச்சி?”

வெட்கத்தில் என் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி, “கீரியில ஒரு பிள்ளை” என்றேன்.

“இடம்பெயர்ந்து ஊருக்குத் திரும்பி வந்த பிறகு எங்கட வீட்டில முதல் கலியாணம். தோழிப் பிள்ளையளுக்கு இப்பிடி நாலு வேணும். அந்தப் பிள்ளையின்ர நம்பரைத் தாங்கோ.”

என் நம்பரைக் கொடுத்தேன். அவர் அங்கேயே அழைப்பார் என்று நினைக்கவில்லை.

என் பைக்குள் போன் அடித்தது.

அக்கா தன் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. “எடுங்கோ பிள்ளை, நிறம் சொல்லவேணும்.”

எடுத்தேன். பக்கத்தில் இருந்தபடியே போனில் சொன்னேன்: “ஓம் அக்கா, நான்தான் செய்தனான்.”

பட்டம் பெற்ற பிறகு நான் ஒழுங்காகப் பதில் சொன்ன முதல் நேர்முகப் பரீட்சை இதுதான்.

நாலு மாலை பின்ன அம்மாவின் அலுமாரியில் இனிப் பழைய சேலை இல்லை. உங்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள்.