அர்த்தனாரி வண்டியின் கிளட்ச்

எங்கள் மலையில், செம்மேடு பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் எனக்குக் கெட்ட பேர் வாங்கித் தருகிற வேலையை அர்த்தனாரி பல வருஷமாக விடாமல் செய்துவருகிறார். பாதி டீ உள்ளே போனதும் ஆரம்பிப்பார். “நம்ம மெக்கானிக்கு போடற கிளச்சு பிளேட்டு இருக்குதே, அது அப்பளமுங்க. காத்துப் பட்டாப் போச்சு.” கேட்கிறவன் சிரிப்பான். சிரித்தவன் அடுத்த தடவை தன் வண்டியை ராசிபுரத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்விடுவான். எதிர்ப் பட்டறையில் ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தபடி நான் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

அவருடையது பழைய மாருதி 800. வெள்ளை வண்டி என்று ஆர்சி புக்கில் இருக்கிறது. இப்போது அது மண்ணோடு பிடுங்கிப் போட்ட மரவள்ளிக் கிழங்கு நிறம். செருப்பைக் கழற்றி டிக்கியில் வைத்துவிட்டு வெறுங்காலோடுதான் ஓட்டுவார். ஆள் குள்ளம். சீட்டை முன்னால் தள்ளி, முகவாய் ஸ்டியரிங்கில் இடிக்கிற மாதிரி உட்காருவார். வளைவு வந்தால் ஹாரனை மட்டும் நம்பமாட்டார், தலையை வெளியே நீட்டி “வண்டி வருதுங்கோவ்” என்று கத்துவார். பஸ் டிரைவர்களே அதற்கு ஒதுங்கிக் கொடுப்பார்கள். மிளகு மூட்டை பின் சீட்டில் போகும். ஆள் ஏறினாலும் பின் சீட்டுத்தான். முன்னால் இடது பக்கம் யாரையும் உட்காரவிட மாட்டார். அந்தப் பக்கத்து ஜன்னல் கண்ணாடி இறங்கினது இறங்கினபடியே நிற்கும். மழைச் சாரலில் சீட்டு ஊறிப் போய், காளான் பூத்த வருஷமும் உண்டு. சரி பண்ணித் தருகிறேன் என்றால், “அது அப்படியே கெடக்கட்டும் சாமி” என்பார்.

நான் போடும் அதே பிளேட் வாசலூர்பட்டிக்குப் போய்வருகிற வாத்தியார் வண்டியில் இன்னும் உழைக்கிறது. இவர் வண்டியில் மட்டும் வருஷம் திரும்புவதற்குள் ரிவெட் தெரியத் தேய்ந்துவிடும். ஃப்ளைவீல் சூடேறி நீலம் பாய்ந்து கிடக்கும். “ஏனுங்ணா, கிளச்சு மேலயே காலை வெச்சுட்டு ஓட்டறீங்களா?” என்று கேட்டால், “காலை வேற எங்க வெக்கறது, தலை மேலயா?” என்பார். டீக்கடை முழுக்கச் சிரிக்கும்.

இந்த ஆடியில் மறுபடி வந்தார். “இஞ்சின் உறுமுது, வண்டி நகர மாட்டேங்குது.” எனக்கும் பொறுமை போய்விட்டது. “மொதல்ல நீங்க ஓட்டறத நான் பாக்கோணும். நாளைக்குச் சந்தைக்கு நானும் வாரேன். அப்புறந்தான் கழட்டுவேன்” என்றேன். என்னென்னவோ சொல்லித் தட்டிக்கழிக்கப் பார்த்தார். நான் விடவில்லை. கடைசியில், “பின்னால ஏறிக்க. அங்க வந்து வாயத் தொறக்கப்படாது” என்றார்.

மலை இறங்குகிற வரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. ரெண்டாவது கியரில், பெடலைத் தொடாமல், என்னைவிட நன்றாகவே ஓட்டினார். பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகைப் போட்டார். அப்புறம் மலைப் பக்கம் திரும்பாமல் ஒரு தெருவுக்குள் வண்டியை விட்டார். செங்குத்தான மேட்டுத் தெரு. அதன் நடுவில், பச்சைக் கதவு போட்ட ஓர் ஓட்டு வீட்டுக்கு முன்னால் வந்ததும் கூத்து ஆரம்பித்தது. ஃபர்ஸ்ட் கியர், கிளட்சைப் பாதி மிதிப்பு, ஆக்சிலேட்டரும் பாதி மிதிப்பு. பிரேக்கைத் தொடவே இல்லை. வண்டி நிற்கவில்லை, ஆனால் போகவும் இல்லை. எறும்பு மாதிரி ஊர்ந்தது. பிளேட் கருகுகிற வாடை என் மூக்கில் ஏறியது.

அந்த வீட்டிலிருந்து இடுப்பில் பிள்ளையோடு ஒரு பெண் வேகமாக வந்தாள். இடது ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு வண்டியோடு வண்டியாக நடந்தாள். ஒரு சாப்பாட்டுத் தூக்குப்போசியைக் காலி சீட்டில் வைத்தாள். அங்கே கிடந்த போன வாரத்துப் போசியை எடுத்துக்கொண்டாள்.

“மாத்திரை ஒழுங்காப் போடறீங்களாப்பா?”

“போடறன், போடறன். பிள்ளைக்குச் சளி உட்டுதா கண்ணு?”

“உட்டுருச்சுங்க. டேய், அப்புச்சிக்குக் கையாட்டு.”

பிள்ளை ஆட்டியது. இவர் ஒரு கையை ஸ்டியரிங்கில் வைத்து, மறு கையை நீட்டினார். எட்டவில்லை.

“அப்பா, அவருக்குத் திருப்பூர்ல வேலை ஆயிருச்சுங்க. அடுத்த சந்தைக்கு மறுநாள் ஊட்டக் காலி பண்றோம். அடுத்த வாரமாச்சும் எறங்கி வந்து ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போங்க.”

வண்டி ஊர்ந்துகொண்டே இருந்தது. “சந்தைக்கு வாயேன் கண்ணு. கடையில உக்காந்து பேசலாம்.”

“கடையில உக்காந்து பேச நான் என்ன யாவாரியாங்க? என்ற ஊட்டுக்கு வாங்க. அந்த மனுசன் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணுனாரு?”

மேடு முடிந்தது. அவள் நின்றுவிட்டாள். இவர் நிற்கவில்லை. நான் பின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தெரு திரும்புகிறவரைக்கும் அவள் நடுரோட்டிலேயே நின்றிருந்தாள்.

திரும்பி மலை ஏறும்போது இஞ்சின் கத்தியது, வண்டி தவழ்ந்தது. அடிவாரம் தாண்டி ரொம்ப தூரம் வந்த பிறகுதான் அவர் வாயைத் திறந்தார். அது அவருடைய மகள் கோகிலவாணி. மலையில் கரண்டுக் கம்பம் நட வந்த முரளி என்கிற கீழ்நாட்டுப் பையனைக் கட்டிக்கொண்டு போனவள். அன்றைக்கு ஊர்க் கோயிலில், சனங்களுக்கு முன்னால், எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து இவர் சத்தியம் பண்ணியிருக்கிறார். ‘உன்ற வாசல்ல வண்டிய நிறுத்தி எறங்க மாட்டேன். எறங்குனா உன்ற குடும்பம் வெளங்காது.’

“கோவத்துல வாய் முந்திக்கிச்சு சாமி. என்ற தலை மேலன்னு சொல்லியிருந்தா என்னைக்கோ மீறியிருப்பேன். அவ தலை மேலயில்ல சொல்லித் தொலைச்சுட்டேன்.”

மகளும் லேசுப்பட்டவள் இல்லை. மலைக்கும் வரமாட்டாள், சந்தைக்கும் வரமாட்டாள். அப்பன் தன் வீட்டுக்குள் வந்து, தன் புருஷன் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும், அவ்வளவுதான்.

“போன்ல பாத்துக்கலாமுங்களே, வீடியோவுல?”

“கன்னுக்குட்டியவே நான் போன்ல பாத்து வாங்குனதில்ல.”

அந்த மேட்டில் எத்தனை பிளேட் கருகியிருக்கும் என்று யோசித்தேன். ஒவ்வொன்றையும் மாட்டினது நான்தான். என் பேர் கெட்டதை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேனே தவிர, இந்த மனுஷன் எங்கே போய் இதைத் தேய்த்துவிட்டு வருகிறார் என்று ஒரு தடவைகூட எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். இருந்தாலும் மனசுக்கு என்னவோ போல இருந்தது.

மறுநாள் கியர்பாக்ஸை இறக்கினேன். பழைய பிளேட்டைக் கழற்றித் தரையில் போட்டேன். வழவழவென்று, கருகி, ரிவெட் பளபளத்தது. “இதை வெச்சு இன்னொரு தடவை அந்த மேட்டுல ஊர்ந்தீங்கன்னா வண்டி அங்கியே படுத்துரும்” என்று சொல்லிக்கொண்டே புதுப் பிளேட்டின் அட்டைப்பெட்டியைப் பிரிக்கப் போனேன்.

அர்த்தனாரி என் கையைப் பிடித்துக்கொண்டார். “நெசமாவா? அங்கியே நின்னுருமா?”

“நிக்கும். அதுக்கு மேல தம் இல்லீங்.”

“தானா?”

“தானாத்தான்.”

அவர் குத்தவைத்து உட்கார்ந்து, தரையில் கிடந்த பழைய பிளேட்டை எடுத்தார். தோள் துண்டை உருவி, கரியெல்லாம் துண்டில் அப்பிக்கொள்ளத் துடைத்தார்.

“இதையே மாட்டி உடு சாமி.”

“என்னங்ணா பேசறீங்க? வண்டி நின்னுபோச்சுன்னா அப்புறம் எப்படி மலை ஏறுவீங்க?”

“நான் நிறுத்த மாட்டேன்னுதானே சத்தியம் பண்ணுனேன். அதுவாப் படுத்துக்கிட்டா நான் என்ன பண்ணுவேன்? மெக்கானிக்கு வர்ற வரைக்கும் எங்கியாச்சும் உக்காரத்தானே வேணும்.”

பிளேட்டை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடக்கிவிட்டார்.

“சந்தையன்னிக்கு உனக்குப் போன் பண்ணுவேன். ஒடனே கெளம்பி வந்துறாத கண்ணு. பொழுது சாஞ்சதுக்கப்புறம் வா.”